கருத்துகள் கேட்டறியப்பட்டன

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தீர்மான நோட்டு ஒன்பது வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார், நோட்டு மட்டும் சுற்றிச் சுற்றி என் கைக்கே வந்துவிடும். கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்கிறது என்று முதல் கூட்டத்தில் யாரோ சொன்னார், அன்றிலிருந்து இந்த வேலை எனக்கு. தடித்த அட்டை போட்ட நீள நோட்டு. இடது பக்கம் வந்தவர்களின் கையெழுத்து, வலது பக்கம் பேசியது, கீழே தீர்மானம், அதற்கும் கீழே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்.

போன மாதம் பழைய கணக்கு ஒன்றைத் தேடி நோட்டைப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டு வந்தேன். ஒரே வாக்கியம் மறுபடி மறுபடி கண்ணில் பட்டது: “உறுப்பினர்களின் கருத்துகள் கேட்டறியப்பட்டன.” தேட வந்த கணக்கை விட்டுவிட்டு அந்த வாக்கியத்தை எண்ண ஆரம்பித்தேன். 31 இடம். எல்லாம் என் கையெழுத்து. என்ன கருத்து, யார் சொன்னது, அதனால் எது மாறியது என்று ஒரு வரிகூட இல்லை. செயப்பாட்டு வினையில் எழுதும்போது கேட்டவரும் மறைந்துவிடுகிறார், சொன்னவரும் மறைந்துவிடுகிறார். ஒன்பது வருடத்தில் எத்தனை பேரை அப்படி மறைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது மனசு கனத்துவிட்டது.

அந்த 31-ல் ஒன்றை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதிக்கு நடுவில் ஒரு பொது மைதானம் இருக்கிறது. முன்பு நாலு பக்கமும் திறந்து கிடந்தது. குப்பை கொட்டுகிறார்கள், ராத்திரியில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்று ஓயாமல் புகார். சுற்றி வேலி போட்டு, ஒரு கேட் வைத்து, உள்ளே நடைபாதை அமைப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. நானும் அந்தக் குழுவில் இருந்தேன். நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவு, இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆள் வைத்து வரைபடம் போட்டு, வேலைக்கு முன்பணமும் கொடுத்தோம். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தோம். 14 பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் நாங்கள், குழுக்காரர்கள்.

கடைசி வரிசையில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் குடியிருப்பவர். தயங்கித் தயங்கி எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

“கேட்டு எந்தப் பக்கம் சார் வருது?”

“மெயின் ரோடு பக்கம்மா.”

“அப்போ எங்க சந்துக்காரங்க எல்லாம் சுத்திக்கிட்டா வரணும்?”

தலைவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “வரைபடமெல்லாம் முடிஞ்சு வேலைக்கும் கொடுத்தாச்சும்மா. அடுத்த கட்டத்துல பார்த்துக்கலாம்.”

அந்த அம்மா உட்கார்ந்தார். கூட்டம் முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். நான் நோட்டில் அந்த வாக்கியத்தை எழுதினேன்.

வேலி வந்து மூன்றே வாரத்தில் பின்பக்கம் கம்பியை வெட்டியிருந்தார்கள். ஆள் விட்டுச் சரிசெய்தோம். மறுபடி வெட்டினார்கள். “சமூக விரோதிகள்” என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், அதுவும் என் கையெழுத்துதான். யாரென்று பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் விடிகாலையில் போய் நின்றேன். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் ஐந்தாறு பேர், புத்தகப் பையோடு இரண்டு பிள்ளைகள், கம்பு ஊன்றிய ஒரு பெரியவர். முன்னால் வந்தவர் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, பின்னால் வருகிறவர் குனிந்து நுழைந்தார். பெரியவர் வந்தபோது இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். வெட்டிய கம்பி நுனிகள் சேலையில் மாட்டிக் கிழிக்காமல் இருக்க, ஒவ்வொன்றையும் உள்பக்கமாக மடக்கி, பழைய துணி சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அந்த மைதானத்தில் ஜனங்கள் தாங்களாகக் கூடிச் செய்த முதல் வேலை அந்த ஓட்டைதான். எல்லாரும் வந்து போகிற மாதிரி யோசித்துச் செய்திருந்தார்கள். நாங்கள் போட்ட திட்டத்தில் அந்த யோசனை இல்லை.

சமூக மேம்பாடு என்று எப்போது பேசினாலும் இப்போது எனக்கு அந்தத் துணி முடிச்சுகள்தான் ஞாபகம் வரும்.

“ஜனங்களுக்கு அக்கறையே இல்லைங்க. கூப்பிட்டா வர்றதில்ல.” சங்கம், தன்னார்வக் குழு, எதில் இருந்தாலும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது. நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை, ஏனென்றால் அது உண்மையில்லை. எல்லாம் முடிவாகிவிட்ட இடத்துக்கு ஜனங்கள் வருவதில்லை, அவ்வளவுதான். தான் போய்ப் பேசினால் ஏதாவது மாறுமா, மாறாதா என்பதை யாரும் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த அம்மாவுக்கு ஒரே கேள்வியில் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எதற்கு வர வேண்டும்? ஒரு நாள் ஓய்வு கிடைக்கிற ஆள்.

இதை 1969-லேயே ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதி வைத்திருக்கிறார். அரசாங்கத்தின் நகர்ப்புறத் திட்டங்களில் குடிமக்கள் பங்கேற்பு பற்றி ஆலோசனை சொல்லும் பொறுப்பில் இருந்தவர். பங்கேற்பு என்று சொல்லப்படுவதை அவர் எட்டுப் படி ஏணியாகப் போட்டுக் காட்டினார். அடியில் இருக்கும் இரண்டு படிகள் பங்கேற்பே இல்லை. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது என்று மூன்று, இவை பெயரளவுக்கு. மேலே உள்ள மூன்று படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் ஜனங்கள் கைக்கு வருகிறது. கருத்துக் கேட்பு நாலாவது படி. நாங்கள் ஒன்பது வருடம் நாலாவது படியிலேயே நின்றுகொண்டு மேலே வந்துவிட்டதாக நினைத்திருந்தோம். அதே கட்டுரையில் பிரெஞ்சு மாணவர்களின் சுவரொட்டி ஒன்றையும் அவர் எடுத்துக் காட்டுகிறார். வினைச்சொல் வாய்பாடு ஒப்பிப்பது போல ஓடும்: நான் பங்கேற்கிறேன், நீ பங்கேற்கிறாய், அவர் பங்கேற்கிறார், நாம் பங்கேற்கிறோம், நீங்கள் பங்கேற்கிறீர்கள், அவர்கள் லாபம் பார்க்கிறார்கள். கடைசி ஒன்றில் மட்டும் வினை மாறிவிடுகிறது.

பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1989-ல் புதிதாக வந்த மாநகர நிர்வாகம், பட்ஜெட்டில் புதிய பணிகளுக்கான பணத்தை எங்கே செலவழிப்பது என்பதைக் குடியிருப்போர் கூடி முடிவு செய்யட்டும் என்றது. உலகம் முழுக்கப் புகழ்பெற்ற திட்டம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அவ்வளவாகப் பேசப்படாத ஒரு விஷயம். முதல் வருடம் ஜனங்கள் வந்தார்கள், கேட்டார்கள். கஜானாவில் பணமில்லை, சம்பளத்துக்கே பெரும்பகுதி போய்விட்டது, கேட்டது நடக்கவில்லை. இரண்டாம் வருடம் கூட்டம் குறைந்துவிட்டது. பிறகு நகரத்தின் வரி வருவாயைச் சீர்செய்து, முடிவான வேலைகள் தெருவில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் வருகை வருடா வருடம் ஏறி ஆயிரக்கணக்காயிற்று. அதே நகரம், அதே ஜனங்கள். அக்கறை நடுவில் காணாமல் போய் மறுபடி முளைத்ததா என்ன? சொன்னது நடக்கிறது என்று தெரிந்தது, வந்தார்கள். பின்னாளில் நிர்வாகங்கள் மாறி, ஆர்வம் குறைந்து, 2017-ல் அந்த ஏற்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. ஜனங்கள் கையில் கொடுத்த அதிகாரத்தைச் சட்டத்தால் காப்பாற்றாவிட்டால் கொடுத்தவர்களே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கும் அதுதான் சாட்சி.

என்னை அதிகமாக யோசிக்க வைத்தது கராச்சியின் ஓரங்கி. அரசு அனுமதி இல்லாமல் வளர்ந்த மிகப் பெரிய குடியிருப்பு அது. சந்துக்குச் சந்து கழிவுநீர் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. 1980-ல் அக்தர் ஹமீத் கான் அங்கே போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்பு கிழக்குப் பாகிஸ்தானில் கொமில்லாவில் விவசாயக் கூட்டுறவுகளில் பல வருடம் உழைத்தவர். கையில் திட்டத்தோடு போகவில்லை. சந்து சந்தாக நடந்து, ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தார். கழிவுநீர்தான் பெரிய தொல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அரசாங்கம் என்றாவது இலவசமாக வந்து போட்டுத்தரும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

அவர் செய்த முக்கியமான காரியம் அளவைத் தீர்மானித்ததுதான். ஒரு ஊரைக் கூட்டவில்லை, ஒரு வட்டாரத்தைக்கூடக் கூட்டவில்லை. ஒரு சந்து, இருபது முப்பது வீடு, அதுதான் அலகு. அந்தச் சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து அவர் பணம் வாங்குவார். கான் தொடங்கிய அமைப்பான ஓரங்கி முன்னோடித் திட்டம் பணமே கொடுக்காது. மட்டம் பார்த்துக் கொடுக்கும், குழாய் எவ்வளவு சரிவில் போக வேண்டும் என்று வரைந்து கொடுக்கும், கருவிகள் இரவல் தரும். தோண்டுவதும் பதிப்பதும் சந்துக்காரர்கள் பாடு. வீட்டுக்குள் கழிப்பறை, சந்துக்குள் குழாய், சந்துகளை இணைக்கும் குழாய், இந்த மூன்றும் ஜனங்களுடையது; அதற்கப்பால் பெரிய வாய்க்காலும் சுத்திகரிப்பும் அரசாங்கத்துடையது. ஒப்பந்தக்காரரின் லாபம் போனது, வடிவமைப்பும் எளிமையாயிற்று, செலவு அதிகாரபூர்வ மதிப்பீட்டில் ஒரு சிறு பங்குக்கு வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சந்துகள் இப்படித் தங்கள் குழாயைத் தாங்களே பதித்துக்கொண்டன.

இருபது முப்பது வீடு என்ற கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த அளவில் யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை, யார் வீட்டில் நிஜமாகவே முடியவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பொறுப்பாளர் தினமும் எதிரில் வருகிற ஆள், அவரை நிறுத்திக் கேட்கலாம். நானூறு வீட்டுச் சங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குரல் நடுங்கப் பேசுகிறவர், தன் வாசலில் நின்றால் எவ்வளவு தெளிவாகப் பேசுவார் தெரியுமா?

எனக்கு அது தெரிய வந்தது மைதானத்து இரண்டாம் சுற்றில்.

ஓட்டையை அடைப்பதை நிறுத்திவிட்டுக் குழுவில் இதைப் பற்றிப் பேசினேன். சண்டை வந்தது, அதை விவரிக்க வேண்டாம். கடைசியில் பின்பக்கச் சந்திலிருந்தே மறுபடி ஆரம்பிப்பது என்றாயிற்று. வரைபடத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. சாயங்காலம் எல்லாரும் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, சந்து முனையில் தெருவிளக்குக்குக் கீழே, ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் மைதானத்தை ஒரு செவ்வகமாக வரைந்தேன். இதுதான் மெயின் ரோடு, இதுதான் உங்க சந்து, நீங்க தினமும் எப்படிப் போறீங்க, நடந்து காட்டுங்க என்று கேட்டேன். முதலில் பிள்ளைகள்தான் ஓடினார்கள். அப்புறம் ஒரு பெண் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுச் செவ்வகத்துக்குள் இறங்கி மூலைக்கு மூலை நடந்தார். “இப்படியே போனா பஸ் ஸ்டாப்பு.” இன்னொருவர் குறுக்கே வந்து, “ராத்திரி இந்தப் பக்கம் வரமாட்டோம். இருட்டு” என்றார். அவர் நின்ற இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். கம்பு ஊன்றிய பெரியவர் கோட்டுக்கு வெளியிலேயே நின்று, கம்பு நுனியால் ஓர் இடத்தைத் தொட்டு, “இங்க ஒரு மேடு இருக்கு. சறுக்கும்” என்றார். அரை மணி நேரத்தில் அந்தச் செவ்வகம் கால் தடமும் குறியுமாக நிறைந்துவிட்டது. நாங்கள் பணம் கொடுத்துப் போட்ட வரைபடத்தில் அந்த மேடும் இல்லை, அந்த இருட்டும் இல்லை.

பின்பக்கம் ஒரு சின்ன கேட் வந்தது. மேட்டைச் செதுக்கினோம். நடைபாதை வட்டமாகப் போகாமல் மூலைக்கு மூலை போகிற மாதிரி மாறியது. அதற்கப்புறம் கம்பியை யாரும் வெட்டவில்லை.

பின்பக்க கேட்டின் பூட்டைத் திறந்து மூடுகிற பொறுப்பைச் சந்துக்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். முறை வைத்துச் செய்கிறார்கள். நாங்கள் சொல்லவில்லை. எங்கெல்லாம் பொதுச்சொத்து நீண்ட காலம் நன்றாக இருக்கிறதோ அங்கெல்லாம் விதியை வகுப்பதில் அதற்குக் கட்டுப்பட வேண்டியவர்களுக்குப் பங்கு இருக்கிறது என்று எலினோர் ஆஸ்ட்ரம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து சொன்னார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அவர் ஆராய்ந்தவற்றில் ஸ்பெயினின் வலென்சியா பாசனமும் ஒன்று. அங்கே விவசாயிகளே தேர்ந்தெடுத்த தண்ணீர்த் தீர்ப்பாயம் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் கூடி, எல்லார் முன்னாலும் வாய்மொழியாகவே வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறது. நூற்றாண்டுகளாக நடக்கிறது.

எல்லார் முன்னாலும் என்பது சாதாரண விஷயமில்லை. கணக்கு விஷயத்தில் அது இன்னும் பெரிது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்து ஜனங்களோடு சேர்ந்து கட்டிய அமைப்பு. அங்கே அவர்கள் செய்ததைப் பார்த்தால் மிக எளிமையாகத் தெரியும்: அரசாங்க வேலைகளின் பில்லையும் கூலிப் பட்டியலையும் சத்தமாகப் படித்தார்கள். பட்டியலில் இருந்த பெயர்களைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர்க்காரர்களைத் தெரியும். வேலையே செய்யாதவர்களின் பெயரில், செத்துப்போனவர்களின் பெயரில்கூடக் கூலி எழுதியிருந்த விவரங்கள் அப்படி வெளிவந்தன. எழுத்தில் இருந்தவரை பத்திரமாக இருந்த பொய், குரலில் படித்ததும் நிற்க முடியவில்லை. “எங்கள் பணம், எங்கள் கணக்கு” என்ற அந்தக் கோஷம் 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணாவாகி, நாடு தழுவிய இயக்கமாகி, 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

இதையெல்லாம் சொல்கிற அதே மூச்சில் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜனங்களைக் கூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. கூட்டத்துக்குள்ளும் பெரியவர் சின்னவர் உண்டு. சத்தமாகப் பேசுகிறவரும், நேரம் இருக்கிறவரும், வாடகைக்கு விடுகிறவரும் ஒரு பக்கம். வாடகைக்கு இருக்கிறவரும் வேலைக்காரரும் இன்னொரு பக்கம். தலைவர் யார் என்பது முடிவுகளை மாற்றிவிடும். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஊராட்சித் தலைமை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களை பொருளாதார ஆய்வாளர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். அந்த ஊராட்சிகளில் குடிதண்ணீருக்குக் கூடுதல் கவனம் கிடைத்திருந்தது. தண்ணீர் சுமக்கிறவர்கள் முடிவெடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்ததும் தண்ணீர் முன்னுக்கு வந்துவிட்டது.

சில ஊர்களில் இது உயிர் கேட்கிற வேலை என்பதையும் நான் மறக்க விரும்பவில்லை. ஓரங்கியில் வாய்க்கால்களையும் சந்துகளையும் வருடக்கணக்காக வரைபடமாக்கி, அரசாங்கத்தின் முன் ஆதாரமாக வைத்தவர் பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர். யாருடைய நிலம், யாருடைய தண்ணீர், எங்கே திருட்டுப் போகிறது என்பதையும் அவர் ஆவணப்படுத்திக்கொண்டிருந்தார். 2013 மார்ச் 13 அன்று கராச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வரைபடம் யாரை எவ்வளவு பயமுறுத்தும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சொல்ல?

எங்களுடையது அந்த மாதிரி ஊர் இல்லை, எங்கள் சண்டைகள் சின்னவை. ஆனாலும் இப்போது சங்கத்தில் சில விஷயங்களை மாற்றியிருக்கிறோம். வரவுசெலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறோம். முதல் தடவை படித்தபோதே ஒரு ரசீது இரண்டு முறை ஏறியிருந்ததை ஒரு கல்லூரிப் பெண் பிடித்தாள். பெரிய கூட்டத்துக்கு முன்னால் சந்துவாரியாகச் சின்னக் கூட்டம். அழைப்பில், இன்னும் முடிவாகாதது எது என்று முதல் வரியிலேயே எழுதுகிறோம். முடிவாகாதது ஒன்றுமே இல்லாவிட்டால் அதைக் கருத்துக் கேட்பு என்று கூப்பிடுவதில்லை, தகவல் கூட்டம் என்கிறோம். இந்தக் கடைசி விஷயத்துக்காக நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். சிலருக்கு இன்னும் என் மேல் வருத்தம்தான்.

நோட்டில் அந்த வாக்கியத்தை நான் இப்போது எழுதுவதில்லை. பேசியவர் பெயர், அவர் சொன்னது, பதில் சொல்ல வேண்டியவர், தேதி என்று கோடு போட்டு நாலு பத்தியாகப் பிரித்துவிட்டேன். எழுத நேரமாகிறது, கூட்டம் நீள்கிறது. பரவாயில்லை.

போன கூட்டத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார். இந்த முறை இரண்டாவது வரிசை. மைதானத்தின் பின்பக்க விளக்கைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தவர், நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

“என்ன தம்பி எழுதினீங்க? கொஞ்சம் படிங்க.”

படித்தேன். “பின்பக்க விளக்கு குறித்துக் கோரிக்கை வைத்தார்.”

“கோரிக்கையெல்லாம் வைக்கல தம்பி. போன மாசமே போடறேன்னீங்களே, ஏன் இன்னும் எரியலன்னு கேட்டேன்.”

எழுதியதை அடித்துவிட்டு, அவர் கேட்டதை அவர் கேட்ட மாதிரியே எழுதினேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். “ம், இப்ப சரி” என்றார். பக்கத்துப் பத்தியில் பதில் சொல்ல வேண்டியவரின் பெயரை எழுதி, தேதிக்கு அவரைப் பார்த்தேன். கூட்டமே அவரைப் பார்த்தது. “வர்ற வெள்ளிக்கிழமை” என்றார். எழுதிக்கொண்டேன்.